போதிய மறுபயன்

2024 ஜூலையில் ஆடிட்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார் போன வருஷம் இந்தியாவுல எத்தன நாள் இருந்தாரு?" என்பதுதான். ஒரு நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இங்கே இருந்தால் பொதுவாக அவர் 'இந்தியாவில் வசிக்காதவர்'. அதை உறுதிசெய்யப் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகள் வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது அந்த ஓராண்டும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளும் மட்டும். நான்தான் நிறுத்தவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில் காலாவதியான இரண்டு பாஸ்போர்ட்டுகள் கிடந்தன. இப்போதைய பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு பழைய நோட்டில் வந்த தேதி, போன தேதி என்று இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே போனேன்.

எங்களுக்குத் திருமணம் நடந்தது 2002இல். அவர் ஷார்ஜாவுக்குப் போனது 2004 ஜனவரியில். அதிலிருந்து இருபது ஆண்டுகளில் பதினேழு முறை வந்திருக்கிறார். கூட்டிப் பார்த்தால் 603 நாட்கள். இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. எங்கள் மணவாழ்க்கையின் நாட்களை நான் எண்ணிப் பார்த்தது அதுவே முதல்முறை. அதையும் வருமான வரிக்காகத்தான் எண்ணினேன் என்பது எனக்கே கொஞ்சம் சிரிப்பாக இருந்தது.

விஷயம் சின்னது. என் பெயரில் வங்கியில் ஐம்பது லட்ச ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. அவர் மூன்று தவணையாக அனுப்பியது. புறநகரில் ஒரு மனை வாங்கலாம் என்று பேசி, அது தள்ளிப்போய், பணம் என் பெயரில் எஃப்டி ஆனது. வட்டி நூற்றுக்கு ஏழு. வருடத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதில் பத்து சதவீதம், அதாவது 35,000 ரூபாயை, என் பான் எண்ணில் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியை வங்கி என் சேமிப்புக் கணக்கில் போட்டது. அந்த 35,000 ரூபாயைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். அதற்காகத்தான் ஆடிட்டரிடம் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் அப்படித்தான் வருடா வருடம் வாங்குகிறார்.

ஆடிட்டர் பொறுமைசாலி. கணக்கு விவரத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அம்பது லட்சம் யாரு குடுத்தது?" என்றார். சொன்னேன். "அப்ப இது உங்க வருமானம் இல்லம்மா. சாரோட வருமானம்."

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர்களில் பலருடைய வீட்டிலும் இதே கணக்கு இருக்கக்கூடும். இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வழக்கம் இல்லை. ஆளுக்கொரு பான், ஆளுக்கொரு கணக்கு. (என் பான் கார்டில் இருப்பது அப்பாவின் பெயர். கணவரின் பெயர் இல்லாத ஒரே அட்டை அதுதான் என்று நான் பெருமையாக நினைத்திருந்த காலம் உண்டு.) கணவர் மனைவிக்குப் பணம் கொடுத்தால் அது அன்பளிப்பு, அதற்கு வரி இல்லை. அந்தப் பணம் மனைவிக்குச் சொந்தம், அதிலும் சிக்கல் இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டியோ வாடகையோ கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. 2026 ஏப்ரல் முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண் மாறியிருக்கிறது, விதி அப்படியேதான் இருக்கிறது. விதி பொருந்த ஒரு நிபந்தனை உண்டு. 'போதிய மறுபயன்' பெறாமல் சொத்து மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

மறுபயன் என்பது நம் பத்திர எழுத்தர்கள் பிரதிபலன் என்று எழுதும் அதே சங்கதி. ஒன்றைப் பெற்றுக்கொண்டதற்கு ஈடாகக் கொடுப்பது. ஆக, அரசாங்கம் என்னைப் பார்த்துக் கேட்கிறது: இந்த ஐம்பது லட்சத்துக்கு ஈடாக நீ உன் கணவனுக்கு என்ன கொடுத்தாய்? கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் "ஒன்றுமில்லை" என்று தானே எழுதிக்கொள்கிறது.

எவ்வளவு பணம் இதில் போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இந்தியாவில் வேறு வரிக்குரிய வருமானம் இல்லை. ஷார்ஜாவில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, இங்கே வசிக்காதவர் என்பதால் இந்தியாவும் அதைத் தொடாது. 2023-24க்கான புதிய வரி முறையில் மூன்று லட்சம் வரை வரி இல்லை. மீதி ஐம்பதாயிரத்துக்கு ஐந்து சதவீதம் 2,500, அதன் மேல் செஸ் 100. மொத்தம் 2,600 ரூபாய். இதே மூன்றரை லட்சம் என் வருமானமாக இருந்தால் வரி பூஜ்யம். இங்கே வசிக்கிறவர்களுக்கு அந்த ஆண்டில் ஏழு லட்சம் வரை தள்ளுபடி இருந்தது, வெளிநாட்டில் வசிக்கிறவருக்கு அது கிடையாது. நான் அதற்குப் பிறகு பல வாரம் தூக்கம் கெட்டு யோசித்ததெல்லாம் இந்த 2,600 ரூபாய் வித்தியாசத்தின் மேல்தான். சண்டை பணத்துக்காக இல்லை என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

"நிறைய பேரு மனைவி பேர்லயே காட்டி ரீஃபண்ட் வாங்கிடுறாங்க," என்றார் ஆடிட்டர். "சட்டப்படி தப்பு. நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். முடிவு உங்களோடது."

ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு வந்தேன்.

அன்றிரவு அவருக்குப் போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னேன். "உனக்குத்தான அனுப்பினேன், உன் பணம்தான். எப்புடி வேணா காட்டு," என்றார். நான் விடவில்லை. "என்னங்க, ஒண்ணு கேக்குறேன். அத எனக்குச் சும்மா குடுத்தீங்களா, இல்ல எனக்குச் சேர வேண்டியதுன்னு குடுத்தீங்களா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இத ஆடிட்டரு கேட்டாரா, நீயா கேக்குறியா?" என்றார்.

ஆடிட்டர் கேட்கவில்லை. கேட்டது நான்தான்.

நான் என்ன கொடுத்தேன் என்று பட்டியல் போடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பட்டியல் போடும் பெண்ணை நமக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2009இல் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் போயிற்று. தனியார் பள்ளியில் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டேன். 2017இல் அவர் இறக்கும்வரை எட்டு வருடம், இரவில் இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைத்தேன், முதுகில் புண் வந்துவிடக் கூடாதென்று. நடுவில், 2014இல், எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். குனிந்து நிமிரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நாற்பது நாளைக்கு ஒரு நர்ஸம்மாவை வைத்தோம். நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய், மொத்தம் இருபதாயிரம். பணத்தை அவர்தான் அனுப்பினார். என் கணக்குக்கு வந்து, அங்கிருந்து அந்த அம்மாவின் கைக்குப் போனது. அவர் செய்தது நான் செய்துகொண்டிருந்த அதே வேலை. நாற்பத்தோராம் நாள் காலையில் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப, நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதே அறைக்குள் போனேன்.

அந்த இருபதாயிரம் நர்ஸம்மாவின் வருமானம். அதில் யாருக்கும் சந்தேகம் வராது, அதை அவர் வங்கியில் போட்டால் வட்டியும் அவருடையதே. நாற்பது நாளைக்குப் போதிய மறுபயனாக இருந்த வேலை, மீதி எட்டு வருடத்துக்கு எப்படி மறுபயன் ஆகாமல் போனது? அவருக்குக் கூலி பேசினோம், எனக்குப் பேசவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். என் வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த 603 நாள்தான் இருக்கிறது. அந்த நாட்களிலும் அவர் விருந்தாளி.

இந்தச் சட்டத்தைத் திட்டுவது எளிது. அதன் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அவ்வளவு எளிதாக இல்லை. இந்த விதி 1937இல் வந்தது, அப்போதிருந்த 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தமாக. மனைவியின் பெயரிலும் மைனர் குழந்தைகளின் பெயரிலும் சொத்தையும் கூட்டு வணிகப் பங்கையும் எழுதிவைத்து, பெரிய வருமானத்தைச் சின்னச் சின்னதாக உடைத்து வரியைக் குறைத்துக்கொண்ட ஆண்களைப் பிடிக்க வந்தது. அந்த ஆண்கள் மனைவிக்கு எதையும் கொடுத்துவிடவில்லை. பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, தான் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் பங்குதாரர் என்பதையே நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கு ஞாபகம்கூட இல்லை. சமையலறை வாசலில் நீட்டியதில் போட்டிருக்கிறார். அப்படிப்பட்ட கணவர்களின் வரியை மனைவியின் பெயர் குறைத்துவிடக் கூடாது என்று சட்டம் சொல்வது நியாயம்தான். இந்த விதியை எடுத்துவிடுங்கள் என்று நான் கோஷம் போட்டால் எனக்கு முன்னால் அந்த மாதிரி ஆண்கள்தான் வரிசையில் நிற்பார்கள். இன்று சட்டம் 'மனைவி' என்று சொல்வதுமில்லை. கணவன், மனைவி இருவருக்கும் பொதுவான ஒரு சொல்லைத்தான் அது பயன்படுத்துகிறது. குவைத்தில் நர்ஸாக இருந்துகொண்டு ஊரிலிருக்கும் கணவன் பெயரில் பணம் போடும் பெண்ணுக்கும் இதே விதி. என் கோபம் அவளைத் தொடாமல் போகக் கூடாது.

சரி, அன்பு? அது மறுபயன் ஆகாதா? அதையும் நீதிமன்றத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பம்பாய் வணிகர் ஒருவர் மனைவியின் நலனுக்கென்று பங்குகளை அறக்கட்டளையாக எழுதிவைத்த வழக்கில், இயல்பான அன்பும் பாசமும் நல்ல மறுபயனாக இருக்கலாம், ஆனால் வரிச் சட்டம் கேட்கும் போதிய மறுபயன் ஆகாது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊர்ச் செட்டில்மென்ட் பத்திரங்களில் அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக்கொடுப்பதாக வரும் அல்லவா? பத்திரப் பதிவு அலுவலகத்தில் செல்லுபடியாகும் அன்பு, வரி அலுவலகத்தில் செல்லாது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அன்புக்கு விலை போடக் கூடாது என்பதைக் கேட்க நன்றாகக்கூட இருக்கிறது. ஆனால் நான் எட்டு வருடம் புரட்டிப் போட்டதை அன்பு என்று யார் முடிவு செய்தது? மாமியாரும் நானும் அவ்வளவு பிரியமாக இருந்தவர்கள் இல்லை. அது வேலை. நன்றாகச் செய்த வேலை. வேலையை அன்பு என்று பெயர் மாற்றி, பிறகு அன்புக்கு விலை கிடையாது என்று சொல்லும்போதுதான் எனக்கு இடறுகிறது.

64ஆம் பிரிவில் இன்னொரு விலக்கு இருப்பதை ஆடிட்டர் போகிற போக்கில் சொன்னார். கணவனும் மனைவியும் 'விலகி வாழ்வதற்கான உடன்பாட்டின்' பேரில் சொத்து மாற்றப்பட்டிருந்தால் வட்டி மனைவியின் வருமானம்தான், கணவரோடு சேராது. எனக்கு அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடம் விலகித்தான் வாழ்ந்திருக்கிறோம், அதுவும் உடன்பாட்டின் பேரில்தான். 2003இல் ஒரு நாள் இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து, வீட்டுக் கடன், அவர் தங்கையின் கல்யாணம், மகளின் படிப்பு என்று கணக்குப் போட்டு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதுதானே? ஆனால் சட்டம் சொல்வது அந்த உடன்பாட்டை அல்ல. மணம் முறிந்து பிரிவதை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் இந்த மூன்றரை லட்சம் என்னுடையது. சண்டை போடாமல் பிரிந்திருந்ததால் அவருடையது. குடும்பத்தை உடைத்தவளுக்குச் சேரும் கணக்கு, குடும்பத்தைக் காத்தவளுக்குச் சேராது.

இதே போல ஒரு குடும்பத்தின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை பார்த்தார். மனைவி இங்கே பிள்ளைகளோடு. அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து யாருடையது என்று வழக்கு. 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்து சேரக் காரணம், அவருக்கும் அதில் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு வந்த அன்று நாளிதழை மடித்துவைத்தேன், இன்னும் இருக்கிறது. ஆடிட்டரிடம் அதைச் சொன்னேன். "அது சொத்து வழக்கும்மா, இது வரி," என்றார். சரிதான். ஒரே வீடு, ஒரே இருபது வருடம், ஒரே பெண். சொத்து நீதிமன்றத்தில் அவள் உழைத்தவள், வரி அலுவலகத்தில் சும்மா வாங்கிக்கொண்டவள்.

இந்தக் கதையில் இன்னும் இரண்டு வேடிக்கைகள் உண்டு. அவர் இந்த வரியைக் கட்டாவிட்டால், சொத்து என் பெயரில் இருப்பதால், துறை எனக்கு நோட்டீஸ் கொடுத்து என்னிடம் வசூலிக்கலாம். வருமானம் அவருடையது, வரிப் பாக்கி என்னுடையது. மற்றொன்று எனக்குப் பிடித்தது. ஐம்பது லட்சத்தின் வட்டி அவர் கணக்கு. அந்த வட்டியை நான் தனியே போட்டு வைத்தால் அதற்கு வரும் வட்டி என் கணக்கு, யாரோடும் சேராது. பணம் அவருடையதாகவும் குட்டி அவருடையதாகவும் பேத்தி என்னுடையதாகவும் ஆகிவிடுகிறது.

இப்போது அந்த ஒரு வாரம். என் பெயரிலேயே காட்டிவிடலாமா? ஆசை இருந்தது. 35,000 ரூபாய் முழுதாகத் திரும்ப வரும் என்பதைவிட, 'வருமானம்' என்ற கட்டத்தில் என் பெயருக்கு நேராக ஓர் எண் இருக்கும் என்பதுதான் ஆசை. 2009க்குப் பிறகு அந்தக் கட்டம் காலி. அது பொய்யும் இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். இந்தப் பணத்தில் என் உழைப்பு இருக்கிறது என்பது உண்மை. அந்த உண்மையைப் படிவத்தில் எழுதினால் சட்டத்தை மீறியவள் ஆவேன். சட்டப்படி எழுதினால் நான் ஒன்றும் கொடுக்காமல் வாங்கினேன் என்ற பொய்யில் கையெழுத்துப் போட்டவள் ஆவேன். இரண்டில் எது பெரிய பொய்?

முதல் வழியில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. என் காரணம் எனக்குத் தெரியும். ஆனால் படிவத்துக்குத் தெரியாது. நான் என் உழைப்பை மதித்து எழுதியதும், ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் தன் மனைவி பெயரில் எழுதியதும் அங்கே ஒரே எண்ணாகத்தான் விழும். என் நியாயத்தை யாருக்கும் தெரியாமல் நானே எனக்கு வழங்கிக்கொண்டால் அது நியாயமாக இருக்குமா, சலுகையாகிவிடுமா? அரசாங்கம் என்னைத் தவறாக எடை போடுகிறது என்பதற்காக நான் தராசில் விரலை வைக்கலாமா? வீட்டுக் காசில் மிச்சம் பிடித்து அரிசிப் பானையில் ஒளித்து வைத்த தலைமுறை நம்முடையது. ஒளித்து வைப்பதில் நமக்குப் பழக்கம் அதிகம். (அந்தப் பானைக் காசுக்கு ஓரளவு மரியாதை உண்டு. பணமதிப்பிழப்பின்போது இல்லத்தரசிகள் வங்கியில் போட்ட இரண்டரை லட்சம் வரையிலான சேமிப்பைக் கணக்கில் வராத வருமானமாகக் கருதக் கூடாது என்று 2021இல் ஆக்ராவிலுள்ள வருமான வரித் தீர்ப்பாயம் சொன்னது.) இந்த முறை ஒளிக்க வேண்டாம் என்று தோன்றியது.

இரண்டாவது வழியின் முள்ளை எடுக்கத்தான் அதிக நாள் ஆயிற்று. "எனக்கு மாதச் சம்பளம் கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே" என்று ஒரு நாள் நினைத்தேன். வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு 1970களில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் இயக்கமே நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் எனக்கு முதலாளி என்று நினைத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை. அவர் ஐம்பது டிகிரி வெயிலில் கட்டடத்தின் மேல் நின்று, எட்டுப் பேர் படுக்கும் அறையில் படுத்து அனுப்பிய பணம். அது என் சம்பளமும் இல்லை, அவர் தர்மமும் இல்லை. விலை, அன்பளிப்பு என்ற இரண்டு கட்டங்களில் எதிலும் அது உட்காரவில்லை.

மூன்றாவது கட்டம் ஒன்று இருப்பதை நான் பார்த்தது அந்தப் படிவத்திலேயேதான். ரிட்டர்னில் டிடிஎஸ் பகுதியில், வரி வேறொருவர் பெயரில் பிடிக்கப்பட்டிருந்தால் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில், '5ஏ பிரிவின்படி வாழ்க்கைத் துணை' என்று ஒரு வரி இருந்தது. அது எங்களுக்கா என்று கேட்டேன். "இல்லம்மா, அது கோவாக்காரங்களுக்கு." கோவாவில் போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டம் இன்னும் இருக்கிறது. அதன்படி பொதுவாகத் திருமணத்தோடு சொத்து இருவருக்கும் பொது. அதனால் அங்கே வட்டி, வாடகை, வியாபார லாபம் எல்லாம் வரிக் கணக்கில் ஆளுக்குப் பாதி. சம்பளம் மட்டும் சம்பாதித்தவருடையது. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கோவாப் பெண்களின் நிலைமை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை, காகிதத்தில் பாதி இருப்பதும் கையில் பாதி இருப்பதும் வேறு. ஆனால் அதே இந்தியாவில், அதே படிவத்தில், அந்த மூன்றாவது வழி முடியாத ஒன்றல்ல என்று அச்சாகிக் கிடக்கிறது. நான் மட்டும் புதுக்கோட்டையில் உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அந்த வாரக் கடைசியில் அவரே போன் செய்தார். சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு, "அன்னைக்குக் கேட்டியே," என்று ஆரம்பித்தார். "சும்மால்லாம் குடுக்கல. அம்மாவ நீ பாத்துக்கலன்னா நான் 2009லயே திரும்பி வந்திருக்கணும். அப்ப இந்தப் பணமே இல்ல." நான் பேசாமல் இருந்தேன். "ஆனா உனக்குக் கூலி குடுத்தேன்னும் நெனைக்கல. ரெண்டு பேரோடதுன்னுதான் நெனச்சேன். அதுக்கு என்ன பேரு போடணுமோ போட்டுக்க." பெயர்தான் இல்லையே என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

சட்டப்படியே செய்தோம். அவருடைய ஐடிஆர்-2இல் வாழ்க்கைத் துணையின் வருமானத்தைச் சேர்க்கும் பட்டியலில் என் பெயர், என் பான், உறவு மனைவி, தொகை 3,50,000. வரி 2,600 போக 32,400 ரூபாய் அவர் கணக்குக்குத் திரும்ப வந்தது. என் பக்கத்தில், வருமான வரி இணையதளத்தில் என் பெயரில் இருந்த வட்டித் தகவலுக்கு எதிராக 'இத்தகவல் வேறொரு பான் எண்ணுக்கு உரியது' என்று பொருள்படும் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதைச் சொடுக்கும்போது வலிக்கத்தான் செய்தது.

இனி வரும் வருடங்களில் டிடிஎஸ்ஸை அவர் பான் எண்ணிலேயே பிடிக்க, நான் வங்கிக்கு ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும். அப்போது அது விதி 37பிஏ. யாருக்கு வரவு வைக்க வேண்டும், எந்தத் தொகைக்கு, என்ன காரணத்துக்காக என்று அதில் இருக்க வேண்டும். காரணம்! ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் ஒரு மாதிரி அடித்துக் கொண்டுவந்தான். 'மேற்படி தொகை போதிய மறுபயன் ஏதும் பெறப்படாமல் என் கணவரால் எனக்கு வழங்கப்பட்டதால்' என்று இருந்தது. இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்தார். 'வழங்கப்பட்டதாக வருமான வரிச் சட்டம் கருதுவதால்' என்று மாற்றித் தரச் சொன்னேன். வரிச் சட்டம் முழுக்கவே 'கருதப்படும்' 'கருதப்படும்' என்றுதானே போகிறது. மனைவிக்கு எழுதிக்கொடுத்த வீட்டுக்குக் கணவனே உரிமையாளராகக் கருதப்படுவான் என்கிறது. தான் சொல்வது கற்பனை என்று அதற்கே தெரியும். அந்தக் கற்பனைக்குரிய வரியைக் கட்ட எனக்குத் தடையில்லை. அதை நடந்ததாக என் கையால் எழுதித் தர முடியாது.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா," என்றார்.

"ஒண்ணுன்னா மாத்திடலாமே சார்."

மாற்றிக் கொடுத்தார். வங்கியில் அந்தக் கடிதத்தை வாங்கிய பெண் இப்படி ஒன்றை இதற்கு முன் பார்த்ததில்லை போலும். உள்ளே கொண்டுபோய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, இரண்டாம் முறை நின்று வாசித்தாள். முத்திரை குத்தும்போது, "எங்க அம்மா பேர்லயும் அப்பா போட்டு வச்சிருக்காரு மேடம், கத்தார்ல இருந்து," என்றாள்.

அந்த வருடம் கைக்கு வந்த வட்டியில் மூன்று லட்சத்தைத் தனியே ஒரு வருட எஃப்டி போட்டேன். வட்டியின் வட்டி. முதிர்ந்தபோது அது 21,000 ரூபாய். அவ்வளவு சின்னத் தொகைக்கு ரிட்டர்ன் தேவையில்லை, டிடிஎஸ்ஸும் இல்லை. 2025இல் நானே உட்கார்ந்து, ஆடிட்டர் இல்லாமல், ஐடிஆர்-1ஐ நிரப்பினேன். மகள் பக்கத்தில் இருந்து, "எதுக்கும்மா இது, வரிதான் இல்லையே?" என்றாள். மொத்த வருமானம் என்ற கட்டத்தில் 21,000 என்று விழுந்தது. செலுத்த வேண்டிய வரி பூஜ்யம். ஓடிபி வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. வந்ததும் போட்டு அனுப்பிவிட்டு, ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து, அந்த 603 நாள் கணக்கெழுதிய நோட்டுக்குள் வைத்தேன்.